இசக்கியம்மாளின் நாற்பத்தோராவது மாணவர்

டாக்டர் சிதம்பரநாதனுக்கு அறுபத்தாறு வயது. பாளையங்கோட்டைப் பக்கம் வயிற்று ஆபரேஷன் என்றால் முப்பத்தைந்து வருஷமாக அவர் பெயரைத்தான் சொல்வார்கள். இப்போது அவருடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன.

அவருக்குப் பாடம் சொல்ல வந்தவள் இசக்கியம்மாள். முப்பத்தொரு வயது, ஜாக்கெட் தைப்பவள். ஒன்பது வருஷமாக அவளுக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக ஒரு பை மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து அழுக்கோடு வடித்துவிட வேண்டும். தினமும் நாலு தடவை. மெஷின் வேண்டாம், ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் கை சுத்தம் கொஞ்சம் தவறினாலும் கிருமி உள்ளே போய் ஆளைச் சாய்த்துவிடும்.

ஒன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு தடவைகூடக் கிருமி போனதில்லை. அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தர ஆஸ்பத்திரியில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இதுவரை நாற்பது பேர் அவளிடம் கற்றுப் போயிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பேசியது முழுக்க மாணவர்தான்.

"நான் படிக்கிற காலத்துல கிட்னி போச்சுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுவோம். அவ்வளவுதான் வைத்தியம். இப்ப பாரு. இன்னொருத்தர் கிட்னிய எடுத்து வச்சுத் தைக்கிறாங்க. சர்க்கரைக்குக் குடுக்கிற மாத்திரையே கிட்னியையும் காப்பாத்துதுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. நம்ம வயித்துக்குள்ள இருக்கிற சவ்வையே வடிகட்டி ஆக்கிட்டாங்க. எவ்வளவு பெரிய விஷயம்!"

"பெரிய விஷயந்தான் சார். கையைக் கழுவிட்டு வாங்க."

"கை கழுவவா? எனக்கா?" என்று சிரித்தார் டாக்டர்.

கழுவினார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஓரிடம் விடவில்லை. பார்க்கவே அழகாக இருந்தது. முடித்ததும் இரண்டு கையையும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பைப்பில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"யாருக்காக நிக்கீங்க சார்?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டரில் பைப்பை மூட ஆள் உண்டு. துண்டு நீட்ட ஒருவர், மாஸ்க் கட்ட ஒருவர். முப்பத்தைந்து வருஷப் பழக்கம் லேசில் போகுமா? அவர் அவசரமாகக் கையை நீட்டிப் பைப்பை மூடினார்.

"போச்சு," என்றாள் இசக்கியம்மாள். "திரும்பக் கழுவுங்க."

"ஏன்?"

"காலையில இருந்து அந்தப் பைப்பைத் தொட்டவங்க கையெல்லாம் இப்ப உங்க கையில இருக்கு."

மறுபடி கழுவினார். இந்தத் தடவை காகிதத் துண்டால் பைப்பை மூடினார். மூடிவிட்டு, நழுவிய மூக்குக்கண்ணாடியை விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"திரும்பக் கழுவுங்க."

அன்றைக்குப் பதினேழு தடவை கழுவினார். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. மத்தியானம் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை பரீட்சை. பையை எப்பத்தான் தொட விடுவ? வயித்த அறுக்க எத்தனை பேருக்கு நான் கத்துக்குடுத்திருக்கேன், தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். எங்கம்மாவுக்குப் பித்தப்பை எடுத்தது நீங்கதான். தழும்பே தெரியாது."

"அப்புறம் என்ன?"

"அன்னைக்கு உங்ககூட எத்தனை பேரு நின்னாங்க?"

டாக்டர் மனசுக்குள் எண்ணினார். "ஆறு பேர்."

"வீட்ல உங்ககூட எத்தனை பேரு சார்?"

வீட்டில் அவர் மனைவி கோமதி பக்கவாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். டாக்டர் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவார், வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். வெள்ளிக்கிழமை தேறாவிட்டால் டாக்டர் வாரத்தில் மூன்று நாள் பாதிப் பொழுதை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு கழிக்க வேண்டும். அந்த மூன்று நாளும் கோமதி பட்டினி கிடப்பார். டாக்டருக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

"ஒருத்திதான்," என்றார். "அவளால எந்திரிக்க முடியாது."

எழுந்து கை கழுவப் போனார்.

புதன்கிழமை பையைக் கையில் கொடுத்தாள். காற்றில் தூசி பறக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தணும், ஃபேனை நிறுத்தணும், மாஸ்க் போடணும். கத்தி பிடித்த கை, ஒரே நாளில் கற்றுக்கொண்டது. வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் படிக்கச் சொன்னாள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் கிருமி இல்லை, மங்கினால் ஆபத்து.

வெள்ளிக்கிழமை டாக்டர் தனி அறையில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே இசக்கியம்மாள் நின்றாள்.

அவர் குழாயின் மூடியைத் திருகப் போகும் நேரம் கதவு திறந்தது. சிறுநீரகப் பிரிவின் தலைமை டாக்டர் ரெஹானா உள்ளே வந்தார். ஒரு காலத்தில் சிதம்பரநாதனிடம் படித்தவர். முகத்தில் மாஸ்க் இல்லை.

"என்ன சார், இப்படி வேர்க்குது?" என்று ஃபேன் சுவிட்சைத் தட்டக் கையை நீட்டினார்.

"தொடாத!" என்றார் சிதம்பரநாதன். "மாஸ்க் இல்லாம யாரு உள்ள வரச் சொன்னா? வெளிய போ. கதவைச் சாத்து."

ரெஹானா வெளியே போனார். போனவர் முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்குத்தான் தெரியுமே, எல்லாருக்கும் இப்படித்தான் போய் நிப்பேன்," என்றார் இசக்கியம்மாளிடம். "பாதிப் பேர் செய்யிறதை விட்டுட்டு எந்திரிச்சு வணக்கம் சொல்லுவாங்க. அதுல தேறினாத்தான் தேறினது."

உள்ளே டாக்டர் மறுபடி கை கழுவி, வடித்து, புதுசை ஏற்றி, மூடியைப் போட்டு முடித்தார். வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்தார். "மணிமுத்தாறு அணையின் நீர்மட்டம் இரண்டு அடி உயர்வு," என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சத்தமாகப் படித்தார். எத்தனையோ மேடையில் மாலை வாங்கியவர்தான். ஆனால் இந்தப் பெருமை அவருக்குப் புதுசு.

ரெஹானா சான்றிதழை நீட்டினார். வீட்டில் தானே செய்துகொள்ளத் தகுதி பெற்றார் என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே பயிற்சி அளித்தவரின் பெயர், தகுதி என்று இரண்டு இடம் காலியாக இருந்தது.

"நான் எழுதுறேன்," என்று டாக்டர் பேனாவை வாங்கினார். பெயரை எழுதினார். "தகுதின்னு கேட்டிருக்கே. இதுவரைக்கும் என்ன எழுதினாங்க?"

"ஒண்ணும் எழுத மாட்டாங்க சார். ஒரு கோடு போடுவாங்க."

"நான் கோடு போட மாட்டேன். என்ன படிச்சிருக்க?"

"பத்தாவது."

பேனா தாள்மேல் நின்றது.

"நர்ஸ்னு போடட்டுமா? இல்ல டெக்னீசியன்னு போட்டுருவோமா? நான் கையெழுத்துப் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

"பொய் எதுக்கு சார்? நோயாளின்னு போடுங்க," என்றாள் இசக்கியம்மாள். "கொட்டை எழுத்துல போடுங்க."