பெட்டிக்குள் போன வீரன்

உடைமரத்தூர் இளைஞர் மன்றத்தில் மொத்தம் மூன்று பேர். மூவருக்கும் நாற்பது தாண்டி நாளாகிவிட்டது. ஆவுடையப்பன் தலைவர், சிதம்பரக்கனி செயலாளர். உலகநாதன் மட்டும் வெறும் உறுப்பினர். உத்தரவு போட்டால் கேட்க ஒருத்தராவது வேண்டுமே.

அன்று தலைவரின் தங்கை செண்பகத்துக்குக் கல்யாணம். "தாலியப் பெட்டியில வச்சுப் பூட்டுங்கண்ணே. சாவியையும் பத்திரமா வைங்க" என்று முதல்நாளே சொல்லியிருந்தாள். ஊரிலேயே பத்திரமான இடம் அந்தத் தகரப்பெட்டிதான் என்பதால், அண்ணன் சாவியையும் அதற்குள்ளேயே வைத்து, பூட்டை அமுக்கிவிட்டார்.

பத்தரைக்கு முகூர்த்தம் முடிகிறது. விட்டால் ஆவணிதான். ஆவணிவரை இவர்களோடு காலம் தள்ளச் செண்பகத்துக்குத் தெம்பில்லை. மாப்பிள்ளை திருமலைநம்பி டவுனில் அறிவியல் வாத்தியார். அந்த ஒரு நினைப்பில்தான் அவளுக்குச் சோறே இறங்கியது.

ஒன்பதரைக்குக் கல்யாண மண்டபத்துப் பின்னறையில், பெட்டியைச் சுற்றி மன்றம் அவசரமாகக் கூடியது.

"கல்லால ஒரு போடு போட்டா பூட்டு தெறிச்சிரும்" என்றான் உலகநாதன்.

"உறுப்பினருக்கு யோசனை சொல்ல அதிகாரம் கிடையாது" என்றார் தலைவர்.

சிதம்பரக்கனி மடியிலிருந்து ஒரு வீடியோ கேமை எடுத்தார். உள்ளங்கை அகலம், துபாயிலிருந்து மைத்துனன் கொண்டுவந்தது. திரையில் ஒரு வீரன் வாளோடு நின்றான். கூட வந்த புத்தகத்தைச் செயலாளர் வாசித்தார்: "வீரனைக் கட்டையின் மேல் நிறுத்திச் சிவப்புப் பொத்தானை அழுத்தவும். எறும்பளவு சிறுத்து, எந்த ஓட்டையிலும் நுழைந்து புதையலை எடுத்து வருவான்."

பெட்டியின் மூலையில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு துரு ஓட்டை இருந்தது.

சமையல்கட்டிலிருந்து விறகுக்கட்டை வந்தது. அதன்மேல் கேமை வைத்து, ஓட்டைக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினார்கள். வீரன் குறுகினான், புள்ளியானான், திரையில் இருந்த புல்லுக்குள் மறைந்தான்.

"உள்ள போயிட்டான்" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஆள் வரவில்லை.

"பசியா இருக்கும்வே" என்றார் தலைவர்.

ஓட்டை வழியாக ஒரு சோற்றுப் பருக்கையும் ஒரு சொட்டுப் பாயசமும் விட்டார்கள். ஏறி வர நூல் ஒன்றும் தொங்கவிட்டார்கள்.

"அண்ணாச்சி, சாவி அவன விடப் பெருசுல்லா? எப்படித் தூக்குவான்?" என்றான் உலகநாதன்.

மன்றம் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு தலைவர், "அதான் லேட்டாகுது" என்றார்.

பத்தே காலுக்குத் திரை இருண்டது.

"செத்துட்டானோ?" என்றார் செயலாளர்.

"சாப்பிட்டவன் விளக்கணைச்சுப் படுத்திருப்பான். சத்தம் போடாதீரும்."

அப்போது மணமாலையோடு செண்பகம் வந்தாள். கையில் அம்மிக்குழவி.

"தள்ளுங்கண்ணே!"

"ஏளா, உள்ள ஒரு உயிர் இருக்கு!"

"வெளிய ஒரு உயிர் போகுது!" என்றவள் போட்ட போட்டில் பூட்டு தெறித்தது. தாலி இருந்தது, சாவி இருந்தது, வீரன் இல்லை. அவள் தாலியைப் பிடுங்கிக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

"பருக்கை அப்படியே இருக்கு. பாயசத்தக் காணோம்" என்றார் செயலாளர், பெட்டிக்குள் தலையை விட்டு.

"அப்போ பாயசத்தக் குடிச்சிட்டு வெளிய வந்துட்டான். மண்டபத்துல முந்நூறு பேரு நடமாடுதாவளேவே!"

தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "யாரும் தூக்கின காலக் கீழ வைக்காதிய! எறும்பளவு வீரர் ஒருத்தர் தரையில நடமாடுதாரு. கெட்டிமேளம் கூடாது, அவரு காது கிழிஞ்சிரும். அட்சதைய வீசாதிய; ஒவ்வொரு அரிசியும் அவருக்குப் பாறாங்கல்லு!"

சொன்னது கல்யாண வீட்டுக்காரர் என்பதால் முந்நூறு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். தவில்காரர் காற்றில் அடித்தார். நாதஸ்வரக்காரர் ஊதாமல் கன்னத்தை மட்டும் உப்பினார்.

மாப்பிள்ளை சிரித்தார். செண்பகத்துக்கு உயிர் வந்தது.

"நீங்க கட்டுங்க" என்றாள் மெல்ல.

"எறும்பளவு மனுஷனாவது! அறிவியல்ல அதுக்கு இடமே கிடையாது" என்றபடி அவர் முதல் முடிச்சைப் போட்டார். இரண்டாவதையும் போட்டார். மணி பத்து இருபத்தொன்பது. கழுத்துக்குப் பின்னால் கை நின்றது.

"என்ன?" என்றாள் செண்பகம்.

போட்ட இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம். ஆளு இல்லங்கிறது உறுதிதான். இருந்தாலும் முடிச்சுக்குள்ள மாட்டியிருக்காரான்னு சோதிச்சுப் பார்த்துட்டுக் கட்டிருதேன்."