பன்றியக்கா கவ்விய பொட்டலம்

குளத்தங்கரைக் காட்டில் குரங்கும் காக்கையும் ஒரே அத்திமரத்தில் குடியிருந்தன. மரத்தடியில் ஒரு மண்குழி. தோல், சக்கை, அழுகல் எல்லாம் அதில் போட வேண்டும். எலும்பு, முள், ஓடு எல்லாம் மேட்டிலிருக்கும் பாறைக்குழிக்குப் போக வேண்டும். காட்டு விலங்குகள் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு அது.

மண்குழியை நம்பித்தான் பன்றியக்கா இருந்தாள். கோடையில் கிழங்கு அகப்படவில்லை. பால் குடிக்கும் குட்டிகளோ மூன்று!

ஒருநாள் குரங்கு, குளத்தங்கரையில் கிடந்த கண்ணாடிப் புட்டி ஒன்றைத் தூக்கி வந்து விளையாடியது. கைதவறி விழுந்து அது உடைந்தது.

"இந்த வெயில்ல எவன் மேடேறுவான்!" என்று அலுத்துக்கொண்டது குரங்கு. துண்டுகளைப் பலாச்சக்கையோடு சேர்த்துத் தேக்கிலையில் மடித்தது. மண்குழியில் வீசியது.

"அண்ணே, அது கண்ணாடி!" என்று கத்தியது காக்கை.

"சும்மா கத்தாதே! நேத்து நீ தின்ன மீனோட முள்ளை எங்கே போட்டே?"

காக்கை மேல்கிளைக்குப் பறந்துவிட்டது. அதுவும் மண்குழியில்தான் போட்டிருந்தது.

"மத்தவங்க எல்லாம் ஒழுங்காத்தானே போடுறாங்க! நான் ஒருத்தன் போட்டா குடியா முழுகிடும்?" என்று சிரித்தது குரங்கு.

சாயங்காலம் பன்றியக்கா வந்தாள்.

"ஆகா, பலா வாசனை!"

பொட்டலத்தை அப்படியே கவ்வினாள். அடுத்த நொடி அலறினாள். நாக்கு கிழிந்து ரத்தம் கொட்டியது. குரங்கு மரத்தைவிட்டு இறங்கவே இல்லை.

அதன்பிறகு அவளால் எதையும் மெல்ல முடியவில்லை. பால் வற்றியது. ஒரு காலையில் கடைக்குட்டி எழுந்திருக்கவில்லை.

குரங்குக்கு மனசு பொறுக்கவில்லை. குழியில் இறங்கித் துழாவித் துழாவி, மெத்தென்ற பழத்தோலாகப் பொறுக்கிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தது.

"அக்கா, நல்லாப் பார்த்துட்டேன். ஒரு முள்ளுகூட இல்லே. சாப்பிடுங்கக்கா!"

பன்றியக்கா முகர்ந்து பார்த்தாள். பசிதான்.

"நம்பித்தானே தம்பி, அன்னைக்கும் வாயை வச்சேன்!" என்றாள்.

மிச்சமிருந்த இரண்டு குட்டிகளையும் மூக்கால் தள்ளிக்கொண்டு, காட்டின் காய்ந்து கிடந்த பக்கமாக நடந்தாள். குரங்கு கூப்பிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குப்பையைப் பிரித்துப் போட நம்மில் ஒருவர் சோம்பினாலும், அதில் கையோ வாயோ வைக்கிற இன்னொருவர்தான் அந்த வலியைச் சுமக்க வேண்டியிருக்கும்.