சிலிக்கான் வீடு

ஒரு வீடு. விருந்தாளிகள் வந்தால் வீடே வீங்கும். அவர்கள் கிளம்பினால் சுருங்கும். அது என்ன வீடு?

பேட்டரிக்குள் இருக்கும் ஆனோடுதான் அது. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அங்கே வந்து தங்கும். பயன்படுத்தும்போது வெளியே போகும்.

மேகம் ஜன்னல் வழியாக வந்து, மேசைமேல் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு மலை. அங்கே பேட்டரி செய்யக் கற்றுத்தரும் ஒரு பள்ளி. செலினா டீச்சரிடம் அங்கவை படித்தாள். வயது பதினொன்று. காதுக் கருவி இருந்தால்தான் அவளுக்குக் கேட்கும்.

கருவியின் பேட்டரி ஐந்து மணிக்குத் தீர்ந்துவிடும். விடியுமுன் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் அம்மா, ஏழு மணிக்குத்தான் திரும்புவார். அம்மாவின் குரல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

அங்கவை கிராஃபைட் ஆனோடை எடுத்துவிட்டுச் சிலிக்கான் பொடி வைத்தாள். சிலிக்கானில் பல மடங்கு லித்தியம் தங்கும். இடைவெளியே இல்லாமல் உருளையால் அழுத்தினாள். ஒன்பது நாள், தினமும் இரவு வரை ஓடியது. பத்தாம் நாள் உப்பிச் செத்தது. இரண்டாவது பேட்டரியும் அப்படியே. மிச்சம் ஒரே ஒரு காலி பேட்டரிக் கூடு.

"இன்னும் அழுத்தியிருக்கணுமோ, டீச்சர்?"

"ரோடு ரோலர் வரவழைக்கட்டுமா?"

டீச்சர் ஒரு டப்பாவையும் கொண்டைக்கடலையையும் நீட்டினார். "நிரப்பு."

அங்கவை குலுக்கிக் குலுக்கி விளிம்பு வரை நிரப்பினாள். டீச்சர் தண்ணீர் ஊற்றி மூடினார்.

மறுநாள் காலை மூடி தரையில் கிடந்தது. மேசையெங்கும் கடலை.

"யாரோ திறந்துட்டாங்க, டீச்சர்!"

"கடலைதான் திறந்துச்சு."

அங்கவை உப்பியிருந்த ஒரு கடலையை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "அப்போ எவ்வளவு போடணும்?"

டீச்சர் வேறு டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு கடலை போட்டார்.

"மீதி இடம் சும்மா கிடக்குதே!"

"சும்மா இல்ல. அதுவும் டப்பாவோட சேர்த்திதான்."

"சிலிக்கானும் இவ்வளவுதான் வச்சா, இரவு வரைக்கும் ஓடுமா?"

"ஓடாது. ஆறரை வரைக்கும். ஆனா வருஷக்கணக்கா ஓடும்."

"அம்மா ஏழுக்குத்தானே வருவாங்க..."

"தெரியும்."

ஒரு மேகம் உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. அது போனதும் டீச்சர் கேட்டார்.

"பகல் பூரா சத்தத்தால நிரப்பியே வைக்கணுமா, அங்கவை?"

அங்கவை கடைசிக் கூட்டில் மூன்றில் ஒரு பங்கு சிலிக்கான் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணி நேரம் கருவியை அணைத்து, அந்த நேரத்தை அம்மாவுக்காக மிச்சம் வைத்தாள்.