மூலஸ்தானத்துக்கு முன்னால்

"பிழையோ, பிழையில்லையோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ சுவாமி. எனக்கு அது போதும்."

படலையைத் திறந்துகொண்டு வந்த கையோடு அருளம்பலத்தார் இப்படிக் கேட்டார். நல்ல வெயில் நேரம்.

உப்பளத்துச் சாமி முற்றத்தில் குந்தியிருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆரடா அது?"

"நான்தான் சுவாமி. அருளம்பலம்."

"வந்தது ஆர்? கோட்டு நீதவானோ, என்ர சீடனோ?"

"சீடன்தான்."

"அப்ப சால்வையைக் கழட்டிப்போட்டு இரு. இந்தா, நீயும் ஆய்."

கிராமக்கோட்டு நீதவானை 'டா' போட்டுக் கதைக்க எங்கள் ஊரில் அந்த ஒரு வாய்க்குத்தான் துணிவு. இத்தனைக்கும் சாமிக்கு நாற்பது வயதுகூட இராது. நீதவானுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் நேரம் கிடைக்கிற போதெல்லாம் வந்து ஏச்சு வாங்கிக்கொண்டு போவார். சும்மா சொல்லக்கூடாது, நேர்மையான மனுசன். வழக்குக்காரன் வீட்டுத் தேங்காய் ஒன்று அவர் வீட்டுப் படலையைத் தாண்டியதாகச் சொல்ல எவருக்கும் நாக்கு வராது.

கீரைக் கட்டைக் கையில் எடுத்தவர், முற்றத்தின் அடுத்த முனைத் தொங்கலைப் பார்த்தார். பழைய தென்னோலைக் கிடுகுகளைச் சாய்த்துக் கட்டின ஒரு பத்தி. அதன் வாசலில் ஒரு பானை, இரண்டு பாய், குழந்தைக்கு ஒரு ஏணைச் சீலை.

"அது ஆர் சுவாமி? புதுசாய்க் கிடக்கு."

"கணவதி குடும்பம். உன்ர தீர்ப்பு என்ர வளவுக்குள்ள வந்து கிடக்குது."

அருளம்பலத்தாருக்கு முகம் கறுத்துப்போனது.

"நான் அதைப் பற்றித்தான் கேக்க வந்தனான்."

"சொல்லு."

"சுவாமிக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரிஞ்சது கணவதி சொன்ன வழக்கு. நீ உன்ரயைச் சொல்லு."

வழக்கு இதுதான். வேலாயுதர் பெரிய காணிக்காரர். அவருடைய பனங்காணியின் மூலையில் கணவதி குடியிருந்தான். பனை சீவுகிறவன். அந்த மூலையை வேலாயுதரின் தகப்பன் சாகக் கிடந்தபோது, கணவதியின் தகப்பனைக் கூப்பிட்டு, "இது உனக்கடா" என்று கொடுத்துவிட்டார். எல்லாம் வாயால்தான். காணி உறுதி எழுதவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்களும் செத்துப்போனார்கள். தகப்பன் கொடுத்ததை மகன் இல்லையென்றார்.

"சாட்சி இல்லாத வழக்கு சுவாமி. வேலாயுதர் சபையில எழும்பிச் சொன்னார், கணவதி சத்தியம் பண்ணட்டும், பண்ணினால் காணியை விட்டுக் குடுக்கிறன் எண்டு. சட்டத்தில அதுக்கு இடமிருக்கு. கணவதியும் ஓம் எண்டான். நான் கட்டளை போட்டன்."

"எங்கை சத்தியம்?"

"வழமையான இடம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை. பிள்ளையார் கோயில்ல மூலஸ்தானத்துக்கு முன்னால நிண்டு, எரியிற கற்பூரத்தைக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணுறது. நான் நீதவானாய் வந்த நாள் துவக்கம் எல்லாருக்கும் அதே கட்டளைதான். பெரியவன் சின்னவன் எண்டு நான் பாத்ததில்லை. ஆளுக்கொரு சட்டம் போடேலுமோ?"

"போடேலாது. பிறகு?"

"கணவதி வரேல்லை எண்டு கிளாக்கர் எழுதிக்கொண்டு வந்தான். நான் கையெழுத்து வைச்சன். காணி வேலாயுதருக்குப் போயிட்டுது."

"வரேல்லையோ?"

அருளம்பலத்தாரின் கையில் இருந்த கீரைத் தண்டு முறிந்தது.

"வந்தவனாம். எனக்குப் பிறகுதான் சொன்னவை. தோய்ஞ்சு, ஈர வேட்டியோட, வெளிவீதியில நிண்டவனாம்."

வேறு எங்கே நிற்பான்? கணவதியின் சாதிக்கு அந்தக் கோயிலில் வெளிவீதிதான் எல்லை. உள்ளே ஒரு அடி வைத்தால் மண்டை உடையும். இது தெரிந்துதானே வேலாயுதர் பெரிய மனுசத்தனமாய்ச் சத்தியத்துக்கு விட்டார்! கள்ள மனுசன்.

கணவதி மதிலுக்கு வெளியே நின்று ஐயரைக் கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறான், கற்பூரத் தட்டை வீதிக்குக் கொண்டுவரச் சொல்லி. ஐயர் கட்டளைக் கடதாசியைக் காட்டினார். "மூலஸ்தானத்துக்கு முன்னால எண்டு கோட்டுக் கட்டளை சொல்லுது. நான் என்னப்பா செய்ய?" பூசை முடிந்தது. நடை சாத்தினார்கள். அடுத்த கிழமை வேலாயுதரின் ஆட்கள் வந்து கணவதியின் கொட்டிலைப் பிரித்து எறிந்தார்கள். அவன் பெண்சாதி செல்லி கைக்குழந்தையோடு ஒழுங்கையில் நின்று குழறினதை ஊரே கேட்டது. ஒருத்தரும் போகவில்லை. நாங்களும்தான்.

"இனி என்ன செய்யேலும்?" என்றார் சாமி.

"எனக்கு மேல இருக்கிற ஏசண்டர் துரைக்கு நான் எழுதினால் வழக்கைத் திருப்பி எடுப்பினம். ஆனால் பிழை என்னில எண்டு எழுதவேணும். எழுதினால் இத்தனை வருசப் பேர் ஒரு நாளில போயிடும். பரவாயில்லை, பிழையெண்டால் எழுதுறன். பிழையில்லாமல் என்னத்துக்கு எழுத? அதுதான் உங்களிட்டை வந்தனான்."

"கணவதி கோயிலுக்குள்ள போகேலாது எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? ஊரில ஆருக்குத் தெரியாது? ஆனால் அந்த நேரம் ஞாபகம் வரேல்லை. சொல்லிச் சொல்லிப் பழகின வாய், சொல்லிப்போட்டுது. மறதி சுவாமி."

"மறதியோ?"

"மறதி."

"சரி. மறதியெண்டால் பிழையில்லை."

அருளம்பலத்தாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"உண்மையாவோ சுவாமி?"

"மறந்தவனில என்ன பிழை? எழுத வேண்டாம். வீட்டை போய்ச் சாப்பிட்டுப் படு."

அவர் எழும்பிச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"பொறு," என்றார் சாமி. "நீ மறந்துதான் போனாய் எண்டதுக்குச் சாட்சி ஆர்?"

"என்ன சுவாமி இது! என்ர மனசுக்குள்ள இருந்ததுக்கு ஆர் சாட்சி சொல்லுறது?"

"சாட்சி இல்லாத வழக்கு," என்று சொல்லிவிட்டுச் சாமி பத்திப் பக்கம் திரும்பினார். "செல்லி! உன்னட்டைக் கற்பூரம் கிடக்கோ பிள்ளை?"

செல்லி எட்டிப் பார்த்தாள். நீதவானைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சீலைத் துண்டு முடிச்சோடு வந்தாள். கற்பூரம் கரைந்து போகாமல் மிளகு போட்டு முடிந்து வைத்திருந்தாள்.

"அண்டைக்கு வெள்ளிக்கிழமை கோயிலுக்கெண்டு வாங்கினது சாமி. கொளுத்தேல்லை."

அதை நிலத்தில் வைத்துவிட்டுத் தூரப்போய் நின்றாள். பத்திக்குப் பின்னால் கத்தி தீட்டிக்கொண்டிருந்த கணவதியும் வந்தான். நீதவானுக்கு முன்னால் தோளில் கிடந்த துண்டு தன்பாட்டில் கைக்குக் கீழே கமக்கட்டுக்குள் போனது.

சாமி ஒரு கல்லைத் தூக்கி நடு முற்றத்தில் போட்டார். அதன்மேல் கற்பூரத்தை வைத்து நெருப்புக் குச்சியைத் தட்டினார்.

"வா. 'தீர்ப்புச் சொன்ன நேரம் கணவதி கோயிலுக்குள்ள வரேலாது எண்டது எனக்கு ஞாபகத்தில இல்லை.' இவ்வளவும்தான். சொல்லிப்போட்டு அணை. அணைச்சால் நீ போகலாம்."

"இஞ்சையோ? இது கோயில் இல்லையே சுவாமி."

"உனக்குக் கோயில்தான் வேணுமெண்டால் போ. உன்னை ஆர் மறிச்சது?"

அருளம்பலத்தார் ஒரு அடி கிட்ட வந்தார்.

அப்போது கணவதி பதறிப்போய் இரண்டு அடி முன்னால் வந்தான்.

"வேண்டாம் சாமி, வேண்டாம். நயினாரைச் சத்தியத்துக்கு விடாதேங்கோ. பிள்ளைகுட்டிக்காரர். கற்பூரத்தில கை வைக்கிறது லேசுப்பட்ட காரியமே? நயினாருக்கு அது ஞாபகம் வந்திராது. ஒரு நாளைக்கு எத்தினை வழக்குப் பாக்கிறவர். நான் இவளுக்கும் அதைத்தான் சொன்னனான். கேட்டுப் பாருங்கோ."

செல்லி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு போனவன் அவன். குழந்தையைப் பழைய கிடுகுக்குக் கீழே கிடத்தியிருக்கிறவன் அவன். அவன் நீதவானுடைய பிள்ளைகளுக்குப் பழி வந்துவிடும் என்று பயப்படுகிறான்.

"கேட்டியோ?" என்றார் சாமி. "உனக்குச் சாட்சி வந்திட்டுது. எடுத்துக்கொண்டு போறதெண்டால் போ. சத்தியமும் வேண்டாம்."

படலை திறந்துதான் கிடந்தது. அருளம்பலத்தார் படலையைப் பார்த்தார். கணவதியைப் பார்த்தார். போயிருக்கலாம். போயிருந்தால் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் குனிந்து, வலது கையை நெருப்புக்கு மேலே நீட்டினார்.

"தீர்ப்புச் சொன்ன நேரம்..."

அதற்கு மேல் வாய் போகவில்லை.

அன்றைக்குக் கோட்டில் நடந்தது அப்படியே முன்னால் வந்து நின்றது. 'மூலஸ்தானத்துக்கு முன்னால்' என்று அவர் சொன்னதும், அதுவரை குனிந்து நின்ற கணவதி தலையை நிமிர்த்தினான். ஒரேயொரு முறை. இரண்டு பேரின் கண்ணும் முட்டிக்கொண்டன. முன் வாங்கில் வேலாயுதர் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார். சபை நிறைய அவருடைய சொந்தக்காரர்கள். நீதவானுடைய சொந்தக்காரர்களும்தான். அவன் கோயிலுக்குள்ளே வரமுடியாதே என்று அந்தச் சபையில் வாயைத் திறந்து சொன்னால், பிறகு ஏன் வரக்கூடாது என்ற கதையும் வந்துவிடும். நேரமும் மத்தியானம் ஆகியிருந்தது. அவர் கண்ணை எடுத்து, அடுத்த வழக்கின் கடதாசியைப் புரட்டினார்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நீட்டின கை இறங்கவும் இல்லை, மடங்கவும் இல்லை. உள்ளங்கையில் சூடு ஏறியது. அவர் கையை எடுக்கவில்லை.

"சுடப்போகுது நயினார்," என்றான் கணவதி.

சுவாலை சின்னனாகி, நீலமாகி, தன்பாட்டில் அணைந்தது. கல்லில் கொஞ்சம் கரி மிஞ்சியது.

அருளம்பலத்தார் நிலத்தில் குந்திவிட்டார். அழுதார். அறுபது வயது மனுசன், கோட்டில் ஒரு செருமலுக்கே ஆட்கள் எழும்பி நிற்பார்கள், சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். சாமி கீரையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார்.

"ஞாபகம் வந்தது," என்றார் அருளம்பலத்தார். "சொல்லி வாய் மூட முந்தியே வந்திட்டுது, கணவதி. வந்தது."

கணவதி துண்டைக் கமக்கட்டிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"தெரியும் நயினார். நான் அப்ப உங்கடை முகத்தைப் பாத்தனான்."