வெள்ளைக்கொக்கும் மின்னலும்

சுடலைமணி நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிய வேகத்தில், ரெஜினாவின் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பழுதான போன்களெல்லாம் அதிர்ந்து, தங்களுக்குத்தான் அழைப்பு வருகிறதென்று நினைத்துக்கொண்டன. அதில் இரண்டு, 'ஹலோ' சொன்னதாகவும் பேச்சு.

சுடலைமணிக்கு ஐம்பத்திரண்டு வயது, சுமைவேன் ஓட்டுகிறவர். அவருக்கு டீச்சர், முப்பது வயது ரெஜினா. ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் ஒரு காலத்தில் கள்ள ஆட்டம் ஆடியவள். அதைத் தலைமுழுகிவிட்டு இப்போது தூத்துக்குடியில் போன் பழுது பார்க்கிறாள்.

"ரெண்டு பேரு டீச்சர். வெள்ளைக்கொக்குன்னு ஒருத்தன், மின்னல்னு ஒருத்தன். ஆன்லைன்ல நான் உட்கார்ற மேசைக்கே வர்றானுங்க. ஒருத்தன் பந்தயத்தை ஏத்துவான், அடுத்தவனும் ஏத்துவான், நடுவுல நான் நசுங்குவேன். நான் சீட்டைக் கவுத்ததும் ரெண்டு பேரும் அடங்கிடுவானுங்க."

"அவங்க தங்களுக்குள்ள போன்ல பேசிக்கிட்டே ஆடுறாங்க. கம்பெனிக்குப் புகார் எழுதினீங்களா, அண்ணாச்சி?"

"எழுதினேன். பரிசீலிக்கிறோம்னு வந்துச்சு."

"அப்ப வேற மேசைக்குப் போங்க."

"அவனுங்களைச் சும்மா விட்டுட்டா? நாலு மணிக்கு வேனை விலைக்கு எடுக்க ஆள் வருது. அந்தக் காசோட போய் உட்காரப் போறேன். அதுக்குள்ள அவனுங்களைப் பிடிக்கிற வித்தையைச் சொல்லுங்க."

அந்த வேன் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

ரெஜினா எதிர்க்கடை இசக்கியைக் கூப்பிட்டாள். ஜூஸ் பிழிந்த கையைத் துடைத்துக்கொண்டு அவன் வந்தான். பந்தயக் காசுக்குப் பதிலாக, செத்துப்போன சிம் கார்டுகளை ஆளுக்கு முப்பதாகப் பங்கு வைத்தாள். சீட்டைக் கலைத்துப் போட்டாள்.

பத்து ஆட்டம் முடிந்தபோது சுடலைமணியிடம் பதினோரு சிம் மிச்சம். அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. நல்ல சீட்டு விழுந்தால் இசக்கி காதைத் தடவுகிறான்; உடனே ரெஜினா பந்தயத்தை ஏற்றுகிறாள்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டு."

"ஆமா," என்றாள் அவள், அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைப் போட்டபடி.

அவர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தூத்துக்குடியில் ஒரு காதை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த மனுஷன் வேறு கிடையாது, காது டாக்டர் உட்பட. இசக்கியோ எப்போதோ மூக்குக்கு மாறியிருந்தான். ஐந்தே ஆட்டத்தில் பதினோரு சிம்மும் போய்விட்டது.

போன் அடித்தது. வேன் வாங்க வந்தவர்.

"தெருமுனையில நில்லுங்கண்ணே, ஒரு அரை மணி நேரம்," என்று வைத்துவிட்டு சுடலைமணி திரும்பினார். "இன்னொரு தடவை போடுங்க டீச்சர். மூக்கும் இப்ப தெரிஞ்சுபோச்சு."

ரெஜினா சீட்டுகளை அள்ளி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"நான் கள்ள ஆட்டம் ஆடின காலத்துல, ஒண்ணும் புரியாத ஆளுங்களை நம்பி உட்கார மாட்டோம், அண்ணாச்சி. அவங்க ரெண்டு தரம் தோத்ததும் எழுந்து போயிடுவாங்க. கூட்டைக் கண்டுபிடிச்சவங்கதான் கடைசி வரைக்கும் உட்கார்ந்து இருக்கிறதையெல்லாம் குடுத்துட்டுப் போவாங்க."