நீளக் கயிறு

ஜப்பானின் வடகோடியில், பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கும் மலையூர் ஒன்றில் சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைமை ஆசிரியை முராசே. அவரிடம் வேலை பழக வந்தவர் இசாகி.

இருவரில் இசாகிக்குத்தான் வயது அதிகம். நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசை விடாமல் அரிக்க, அந்த வேலையை உதறிவிட்டு வந்துவிட்டார். தன்னைவிட இளையவரை "சென்செய்" என்று அழைக்க அவருக்குக் கூச்சமே இல்லை. அந்த நாட்டில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்.

இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு விளையாட்டு விழா வரும். அதில் பிள்ளைகள் உயிரை விடுவது நீளக் கயிற்றுக்குத்தான். இரண்டு பேர் இரு முனையிலும் நின்று கயிற்றைச் சுற்றுவார்கள். நடுவே மற்றவர்கள் வரிசையாக நின்று ஒன்றாகக் குதிக்க வேண்டும். ஒரே ஒருவர் காலில் கயிறு மாட்டினாலும் ஆட்டம் முடிந்தது.

பயிற்சியில் கயிறு எப்போதும் கொஹாருவின் காலில்தான் மாட்டியது. அவள் பேச்சு அதிகம் இல்லாத சிறுமி.

"நீ இருக்கிற வரைக்கும் நாம ஜெயிக்கவே மாட்டோம்!" என்று ஒருநாள் தெப்பெய் கத்தினான். வகுப்பிலேயே நன்றாகக் குதிப்பவன் அவன்.

மறுநாள் வயிற்றுவலி என்று கொஹாரு பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிறகு அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டுப் போனாள். வாசலில் அந்தச் சிறுமி நின்ற நிலையைப் பார்த்ததும் இசாகிக்கு மனசு கேட்கவில்லை.

மதியம் அவர் முராசேயிடம் போனார்.

"சென்செய், கொஹாருவைக் கயிறு சுற்ற விடலாமா? அவளும் ஆட்டத்தில் இருந்த மாதிரி இருக்கும். யாரும் திட்டவும் மாட்டார்கள்."

"அவளிடம் கேட்டீர்களா?"

"கேட்டேன். சரி என்றாள்."

"உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா?"

இசாகி கொஞ்சம் யோசித்தார். "தரையைப் பார்த்துச் சொன்னாள்."

முராசே குடித்துக்கொண்டிருந்த தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். கேன்வாஸ் காலணியை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். பிள்ளைகளின் வரிசையில் கொஹாருவுக்குப் பின்னால் போய் நின்றார்.

"இன்றைக்கு நானும் குதிக்கிறேன். இசாகி சென்செய், கயிற்றைச் சுற்றுங்கள்."

கயிறு மேலே எழுந்து கீழே வந்தது. முராசே குதித்தார். கயிறு அவர் கணுக்காலில் சுற்றிக்கொண்டது.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் மாட்டியது. அதற்கடுத்த தடவை குப்புற விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. தெப்பெயின் முகம் சிவந்துவிட்டது. வாய்வரை வந்த கோபத்தை அவன் விழுங்குவது இசாகிக்குத் தெரிந்தது. தலைமை ஆசிரியையைத் திட்டவா முடியும்?

"சென்செய்," என்றான் கடைசியில். "நான் 'இப்போ'ன்னு சொல்றேன். சொன்ன உடனே குதிங்க. கயிற்றைப் பார்க்காதீங்க."

"சரி, சொல்லு."

"இப்போ! ... இப்போ! ... இப்போ!"

முராசேயால் இரண்டு மூன்று குதிப்புக்கு மேல் தாங்க முடியவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் நின்ற கொஹாருவின் காதிலும் அந்தக் குரல் விழுந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் குரலோடு குதித்தாள். அன்று மாலை கயிறு மாட்டியதெல்லாம் முராசேயின் காலில்தான்.

"வலிக்குதா, சென்செய்?" என்று கொஹாரு அவருடைய முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அந்த வாரம் அவளாக வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் முறை.

விழா வந்தது. கீழூர்ப் பள்ளிதான் ஜெயித்தது. இவர்களும் நன்றாகத்தான் குதித்தார்கள். "இப்போ, இப்போ" என்று கத்திக் கத்தி மூச்சு வாங்கிய தெப்பெயே ஒரு கணம் பிந்திவிட்டான். கயிறு அவன் காலில் மாட்டியது. அவன் எங்கும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கொஹாரு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். யாரோ எதற்கோ சிரிக்க, தெப்பெயும் சிரித்துவிட்டான்.

எல்லோரும் போன பிறகு இசாகியும் முராசேயும் மைதானத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சென்செய், ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள்."

"அன்றைக்கு நீங்கள் வேண்டுமென்றேதானே கயிற்றில் மாட்டினீர்கள்?"

"இல்லை. எனக்குக் கயிறு தாண்டத் தெரியாது."

"சின்ன வயதில் பழகவே இல்லையா?"

முராசே கையிலிருந்த நாற்காலியை மடித்து மற்றவற்றின்மேல் சாய்த்து வைத்தார்.

"என் ஆசிரியர் மிகவும் இரக்கமுள்ளவர்," என்றார். "கடைசி வரை என்னைக் கயிறு சுற்றவே விட்டார்."