பூமயில் போட்ட ‘ஆமா’

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டின் முதல் பாதி முடிந்து, பாட்டுக்காரர்கள் சுக்குக் காப்பி குடிக்க எழுந்தார்கள். பந்தலை விட்டு முதல் ஆளாக வெளியே வந்தவள் வடிவு. விறுவிறுவென்று நடந்து குளத்தங்கரை மருத மரத்தடியில் போய் நின்றாள். பின்னாலேயே கோமதி சாமி வந்தாள்.

கோமதி வடிவுக்கு ஞான குரு. ஆனால் வயதில் பத்து வருஷம் இளையவள். அதனால் குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பாள். சிஷ்யை குருவை ‘சாமி’ என்பாள்.

“போவோம் சாமி. இனி ஒரு நிமிஷம் இங்க இருக்க மாட்டேன்.”

“பூமயில் பாட்டைக் கேக்கணும்னு நீங்கதானே என்னை இழுத்துட்டு வந்திய?”

“அதான் எனக்கு வயித்தெரிச்சல்!”

வடிவின் ஒரே மகள் காய்ச்சலில் இறந்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மாதக்கணக்கில் கல்லாட்டம் கிடந்தவளை யாரோ ஒரு கொடைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே வில்லுப்பாட்டுக்காரி பூமயில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதையைப் பாடினாள். அன்றுதான் வடிவு வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துச் சோறு கேட்டாள். எத்தனையோ வருஷம் கழித்து, அந்தப் பூமயிலை இன்றைக்குத்தான் மறுபடி பார்க்கிறாள்.

“வில்லுக்கு நேரே ராணி கணக்கா இருந்தவ, இன்னைக்கு ஓரத்துல ஒண்டிக்கிட்டு இருக்கா!”

“ஆமா,” என்றாள் கோமதி.

“தொண்டை போச்சு. அதே கதையைப் பாடுதது யாரோ ஒரு சின்னக் குட்டி.”

“ஆமா.”

“அவ வரிவரியா பாட, இவ ஒவ்வொரு வரிக்கும் ‘ஆமா’ போடுதா. பூமயில் செய்யுத வேலையா இது?”

“ஆமா.”

“சாமி! நான் மனசெரிஞ்சு பேசுதேன், நீங்க எனக்கே ‘ஆமா’ போடுதியளா?”

“போட்டதுனாலதானே பேச்சு நிக்காம வந்துது.”

“கேலி வேண்டாம்.”

“சரி. தொண்டை போனவ வீட்டுல இருக்கணுமோ?”

“இருக்கணும்! எம் மனசுல இருக்க பூமயிலைக் கெடுக்க இவளுக்கு என்ன உரிமை?”

“அப்போ பாட்டு கொஞ்சமும் பிடிக்கலியா?”

வடிவுக்குப் பொய் வராது.

“அதுதான் கொடுமை. வில்லு மணி குலுங்கினதும் மேலெல்லாம் சிலிர்த்துது. அந்தக் குட்டியும் மோசமில்ல. ஆனா அன்னைக்குக் கேட்டது இது இல்ல. அப்படின்னா அன்னைக்கு நான் கேட்டது என்ன சாமி? வெறும் தொண்டைதானா? ஒரு தொண்டையை நம்பியா நான் எந்திரிச்சு நடமாடுதேன்? அதுவும் போச்சுன்னா எனக்கு மிச்சம் என்ன? நீங்க பதில் சொல்லியே ஆகணும்.”

கோமதி வடிவின் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“துவைச்சு மடிச்சுக் கட்டிட்டு வந்திய. ஏன் இப்படிக் கசங்கி, ஈரமா இருக்கு?”

“அதை ஏன் கேக்கிய! பக்கத்துல ஒரு பச்சைச் சேலைக்காரி. முன்னப்பின்னத் தெரியாது. தாய் புலம்புத இடம் வந்ததும் இதைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. பாதிப் பாட்டு என் காதுல விழல.”

“முந்தானையை இழுத்துக்கிட வேண்டியதுதானே?”

“எப்படி இழுக்க? நீங்க ஒண்ணு. முதுகைத் தடவிக்கொடுத்தேன்.”

“அவகிட்ட ஏதும் சொன்னியளா?”

“என்னத்தச் சொல்ல? ‘எம் பிள்ளை போயிட்டே, எம் பிள்ளை போயிட்டே’ன்னா. நான் ‘ஆமா, ஆமா’ன்னு...”

வடிவு பாதியில் நிறுத்தினாள்.

பந்தலில் வில்லின் மணிகள் குலுங்கின. சின்னப் பெண்ணின் குரல் தயங்கித் தயங்கி எழுந்தது. அது தரையில் விழுவதற்குள், கரகரப்பாக, கெட்டியாக, பூமயிலின் ‘ஆமா’ வந்து ஏந்திக்கொண்டது. அடுத்த வரி தயங்காமல் வந்தது.

வடிவு கசங்கிய முந்தானையை நீவப் போனாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

“நடங்க அக்கா,” என்றாள் கோமதி, பந்தல் பக்கம் திரும்பி. “பச்சைச் சேலைக்காரி தேடப்போறா.”